அசையாதவரைக் காணாத கண்

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன மணிக்கற்களில் ஒன்றுக்கு விசித்திரமான குணம் இருந்தது. தணலுக்குப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றினால், சுற்றிலும் கிடந்த சாம்பல் துகள்கள் எழும்பி வந்து அதன்மேல் ஒட்டிக்கொண்டன. சற்று நேரத்தில் அதே கல் அவற்றை உதறித் தள்ளியது. சாம்பல் இழுக்கும் கல் என்றே டச்சுக்காரர்கள் அதை அழைத்தார்கள். இன்று நகைக்கடையில் டூர்மலின் என்று விற்கப்படுவது அந்தக் கல்தான். 1756இல் பெர்லினில் பணியாற்றிய ஃபிரான்ஸ் ஏபினஸ், இந்த இழுப்புக்கு மின்சாரமே காரணம் என்று நிறுவினார். சூடேறும்போது படிகத்தின் ஒரு முனையில் நேர் மின்னூட்டமும் மறுமுனையில் எதிர் மின்னூட்டமும் சேர்கின்றன. 1824இல் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் இதற்குப் பைரோ மின்சாரம் என்று பெயரிட்டார்.

மாடிப்படியில் கால் வைத்ததும் தானாக எரிகிற விளக்குக்குள் இருப்பது இந்தக் குணமுள்ள ஒரு சிறு துண்டு. டூர்மலினுக்குப் பதிலாக லித்தியம் டான்டலேட் படிகமோ, ஈயம், சிர்க்கோனியம், டைட்டேனியம் கலந்து சுட்டெடுத்த பீங்கான் வகையோ இப்போது பயன்படுகிறது. பொருள் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. அந்த அடிப்படையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்த அத்தியாயத்தில் பின்னால் வரும் பல சிக்கல்களுக்கும் அதுதான் வேர். பைரோ மின்படிகம் வெப்பநிலை மாறும்போது மட்டுமே மின்னூட்டம் தரும். எவ்வளவு சூடாக இருந்தாலும் சரி, அந்தச் சூடு ஒரே நிலையில் நின்றுவிட்டால் படிகம் மௌனமாகிவிடும்.

படிகத்துக்கு எட்டும் வெப்பம் எங்கிருந்து வருகிறது? நம் உடம்பிலிருந்து. 1800இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் வண்ணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வண்ணத்திலும் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு எந்த நிறமும் தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியில்தான் பாதரசம் அதிகம் ஏறியது. அகச்சிவப்புக் கதிர் அன்று அறிமுகமானது. சூடுள்ள எல்லாப் பொருளும் கதிர் வீசுகிறது. சூடு கூடக் கூட அலைநீளம் குறைகிறது. நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் கதிர்வீச்சின் உச்சம் 9.5 மைக்ரோமீட்டர் அருகே விழுகிறது. கண் பார்க்கும் ஒளியின் எல்லையோ 0.7 மைக்ரோமீட்டரோடு முடிந்துபோகிறது. கும்மிருட்டில் நிற்கும் மனிதரும் இந்தக் கணக்கில் ஒளிவீசிக்கொண்டுதான் நிற்கிறார்.

பிஐஆர் சென்சார் என்று கடைகளில் கேட்டு வாங்குவது இந்த ஒளியைப் பார்க்கும் கண். இது தன்னிடமிருந்து எதையும் வீசுவதில்லை, வருவதை வாங்கிக்கொள்வதோடு சரி. விரல் நுனி அளவுள்ள உலோக மூடி ஒன்று, அதன் முகப்பில் ஒரு சிறு ஜன்னல். சுமார் 5 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான கதிர்களை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி அந்த ஜன்னலில் பூசப்பட்டிருக்கிறது. உள்ளே ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டு படிகப் பட்டைகள் அருகருகே. இரண்டையும் மின்சாரத்தில் ஒன்றுக்கொன்று எதிராக இணைத்திருப்பதில்தான் இந்தக் கருவியின் புத்திசாலித்தனமே அடங்கியிருக்கிறது.

காலையில் வெயில் ஏறி அறை முழுக்கச் சூடாகிறது. இரண்டு பட்டைகளும் ஒரே அளவில் சூடேறுகின்றன. ஒன்று தரும் மின்னழுத்தத்தை மற்றது ரத்து செய்துவிடுகிறது. சென்சார் சும்மா இருக்கிறது. ஒருவர் நடந்து வருகிறார். அவர் உடம்பின் கதிர் முதலில் ஒரு பட்டையில் விழுகிறது, மின்னழுத்தம் மேலே போகிறது. அடுத்த எட்டில் மற்றப் பட்டையில் விழுகிறது, மின்னழுத்தம் கீழே இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கம்தான் அசைவின் அடையாளம். விநாடிக்கு ஒன்றிரண்டு முறை ஆடும் மெதுவான அலைகளை மட்டும் பெருக்கும்படி சர்க்யூட்டை அமைத்திருப்பார்கள். மெல்ல மெல்ல மாறும் தட்பவெப்பமும், சட்டென்று வந்துபோகும் மின் இரைச்சலும் அந்தச் சல்லடையில் தங்காது. அலை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ரிலே என்னும் மின்சுவிட்ச் தட்டும், விளக்கு எரியும். கூடவே ஓர் ஒளியுணர் தடை இருக்கும். பகல் வெளிச்சம் போதுமான அளவு இருக்கும்போது ரிலேவைத் தட்டவிடாமல் தடுப்பது அதன் வேலை.

சென்சாருக்கு முன்னால் பால் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் குமிழ் கவிழ்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை வெறும் மூடி என்று நினைத்துக் கழற்றிவிட்டால் கருவிக்குக் கண் போய்விடும். அதுதான் லென்ஸ். கண்ணாடியில் செய்யாமல் பாலித்தீனில் செய்ததற்குக் காரணம், உடம்பிலிருந்து வரும் நீண்ட அகச்சிவப்பு அலைகளைக் கண்ணாடி விடாது. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் பிஐஆர் சென்சாரைப் பொருத்தி வாசலைக் கண்காணிக்க நினைப்பவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான். லென்ஸின் உருவமும் வரலாறு உள்ளதே. கனத்த லென்ஸை வளையம் வளையமாக அரிந்து தட்டையாக்கலாம் என்ற யோசனையைக் கலங்கரை விளக்கத்துக்காகச் செயல்படுத்தியவர் பிரெஞ்சுக்காரரான ஓகுஸ்தென் ஃபிரெனெல். பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் 1823இல் அது முதன்முதலாக எரிந்தது. அவருடைய லென்ஸ் விளக்கின் ஒளியைத் திரட்டிக் கடலுக்கு அனுப்பியது. சென்சாரின் குமிழில் அதே வகை லென்ஸ்கள் பத்து, இருபது என்று சின்னச் சின்னதாகப் பதிந்திருக்கின்றன. அறையிலிருந்து வரும் கதிரைத் திரட்டி உள்ளே இருக்கும் பட்டைகளின்மேல் போடுகின்றன.

ஒவ்வொரு சின்ன லென்ஸும் அறையின் ஒரு துண்டைத்தான் பார்க்கிறது. பார்க்கும் துண்டு, பார்க்காத இடைவெளி, மறுபடி பார்க்கும் துண்டு என்று பனையோலை விசிறியின் மடிப்புகள் போல அறை முழுவதும் பிரிந்துகிடக்கிறது. மனிதர் குறுக்கே நடக்கும்போது மடிப்புக்கு மடிப்பு தாண்டுகிறார். ஒவ்வொரு தாண்டலும் ஓர் அலை. ஆனால் சென்சாரை நோக்கி நேராக வருபவர் வெகுநேரம் ஒரே மடிப்புக்குள்ளேயே இருப்பார். அவரைச் சென்சார் தாமதமாகத்தான் உணரும். எனவே மாடிப்படியிலோ நடைபாதையிலோ இதைப் பொருத்தும்போது வருபவரின் முகத்துக்கு நேராக வைக்காமல், அவர் குறுக்காகக் கடக்கும் பக்கச் சுவரில் வைக்க வேண்டும். எலெக்ட்ரீஷியன்கள் பலர் பழைய பல்பு இருந்த ஹோல்டரிலேயே மாட்டிவிட்டுப் போகிறார்கள், வயர் இழுக்கும் வேலை மிச்சம் என்று. பாதிப் படி ஏறிய பிறகு விளக்கு எரிகிறது என்ற புகாரில் பெரும்பங்கு இப்படி வருவது.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இதே வேலையைச் செய்யும் உயிர் ஒன்று உண்டு. குழிவிரியனின் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே இருக்கும் குழிக்குள் ஒரு மெல்லிய சவ்வு தொங்குகிறது. தடிமன் ஏறத்தாழ 15 மைக்ரோமீட்டர். சவ்வுக்குப் பின்னாலும் காற்று இருப்பதால், பட்ட வெப்பம் சதைக்குள் கசிந்துபோகாமல் சவ்வை உடனே சூடேற்றுகிறது. இருட்டில் ஓடும் எலி பாம்புக்கு இப்படித்தான் தெரிகிறது. பிஐஆர் சென்சாரிலும் படிகப் பட்டையை மெலிதாக்கி, ஓரங்களில் மட்டும் தாங்கி, அடியில் இடைவெளி விட்டு வைக்கிறார்கள், காரணமும் அதே. பாம்பின் நரம்பில் இந்த வெப்பத்தைச் செய்தியாக மாற்றும் புரதம் எது என்பதை 2010இல் கலிஃபோர்னியாவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு கண்டறிந்தது. வெப்பத்தையும் தொடுதலையும் உடம்பு எப்படி உணர்கிறது என்ற ஆராய்ச்சிக்காக ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இனி இந்தக் கண்ணின் குறைகள். முதல் குறையை அலுவலகக் கழிப்பறையிலோ சிறு கூட்ட அறையிலோ பலரும் அனுபவித்திருப்பார்கள். அசையாமல் உட்கார்ந்திருந்தால் விளக்கு அணைந்துவிடும். படிகம் மாற்றத்தை மட்டுமே உணரும் என்று பார்த்தோம். உட்கார்ந்திருப்பவர் மேசையைப் போலவே அதற்கு மாறாத பொருளாகிவிடுகிறார். தூரம் கூடினால் சிக்கலும் கூடும். மடிப்புகள் தள்ளிப்போகப் போக அகன்றுகொண்டே போகின்றன. பக்கத்தில் இருப்பவர் கையை ஆட்டினாலே ஒரு மடிப்பைத் தாண்டிவிடும்; 5 மீட்டர் தள்ளி உட்கார்ந்து புத்தகத்தின் பக்கம் புரட்டுபவரின் கை ஒரே மடிப்புக்குள் போய்வந்துவிடும்.

இரண்டாவது குறை நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது. பெட்டியில் எழுதியிருக்கும் 7 மீட்டர், 8 மீட்டர் என்ற எல்லை மிதமான வெப்பநிலைக்கான கணக்கு. 25 டிகிரிச் சுவர் சதுர மீட்டருக்குச் சுமார் 450 வாட் கதிர் வீசுகிறது. 33 டிகிரித் தோல் சுமார் 500 வாட். இந்த 50 வாட் வேற்றுமையை நம்பித்தான் சென்சார் ஆளைச் சுவரிலிருந்து பிரித்துப் பார்க்கிறது. சித்திரை, வைகாசியில் வேலூரிலோ கரூரிலோ பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் சுவர், இரவு எட்டு மணிக்கும் 33, 34 டிகிரியில் நின்றால் அந்த வேற்றுமை கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. கூப்பிடு தூரத்தில் உணர வேண்டிய சென்சார் இரண்டு எட்டு வைத்துப் பக்கத்தில் வந்தால்தான் விழிக்கும். சுவர் தோலைவிட நன்றாகச் சூடேறிவிட்டால் மறுபடி வேற்றுமை பிறக்கும், மனிதர் அப்போது குளிர்ந்த ஒரு திட்டாகத் தெரிவார். வெப்பநிலைக்கு ஏற்பத் தன் கூர்மையைத் தானே கூட்டிக்கொள்ளும் சென்சார்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டு மொட்டை மாடிக்கும் மேற்குப் பார்த்த வாசலுக்கும் வாங்குபவர்கள் இந்த ஒரு வசதியைக் கேட்டு வாங்குவது நல்லது.

சந்தையில் 'மோஷன் சென்சார் பல்ப்' என்ற பெயரில் விற்கும் பல்புகளில் ஒரு பகுதி வேறு இனம். அவற்றில் பால் நிறக் குமிழ் தனியாகத் தெரியாது. பல்பின் உறைக்குள்ளேயே ஒரு குட்டி ரேடார் மறைந்திருக்கும். பெரும்பாலும் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையை அது தொடர்ந்து அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியோடு ஒப்பிடும். அசையும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்று மாறும். கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் சொன்ன விதி இது. விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஒருவர் நடந்து வந்தால் மாற்றம் வெறும் 39 ஹெர்ட்ஸ்தான். ஆனால் மின்சுற்றுக்கு அது தாராளம். கோடைச் சூடு இதற்குப் பொருட்டே இல்லை. நேராக நடந்து வருபவரையும் நன்றாக உணரும். சிக்கல் வேறிடத்தில். இந்த அலை கண்ணாடி, ஒட்டுப்பலகைக் கதவு, மெல்லிய தடுப்பு எல்லாவற்றையும் ஊடுருவும். வீட்டுக்குள் ஒருவர் நடமாட, வெளியே நடைபாதை விளக்கு எரியும். எல்லைக்குள் மின்விசிறி சுற்றினால் விளக்கு அணையாமலே கிடக்கலாம். எந்த இனம் எங்கே என்று கேட்டால் என் பதில் இது: நான்கு பக்கமும் கெட்டிச் சுவர் உள்ள மாடிப்படிக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் ரேடார் பல்ப் பொருந்தும், வீட்டுக் கதவுகள் வரிசையாகத் திறக்கும் நடைபாதைக்குப் பிஐஆர்.

மின்சாரம் எவ்வளவு மிச்சமாகும் என்ற கேள்விக்கு வருவோம். இதில் விளம்பரங்கள் சொல்லாத ஒரு கணக்கு இருக்கிறது.

அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படியில் 9 வாட் எல்இடி பல்ப் மாலை 6 முதல் காலை 6 வரை எரிகிறது. ஓர் இரவுக்கு 108 வாட்-மணி, ஆண்டுக்கு 39 யூனிட். சென்சார் பொருத்திய பிறகு எல்லாரும் ஏறி இறங்கும் நேரம் சேர்ந்து ஒரு மணி நேரம் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 9 வாட்-மணி. சென்சாரும் அதன் மின்வழங்கியும் விளக்கு அணைந்திருக்கும்போதும் அரை வாட் தின்கின்றன என்று கொண்டால், 24 மணி நேரத்துக்கு 12 வாட்-மணி. இரண்டும் சேர்த்து 21. ஆண்டுக்கு ஒரு பல்புக்கு 32 யூனிட் குறைகிறது. நான்கு மாடி, எட்டு பல்ப் என்றால் 250 யூனிட்டுக்கு மேல். தமிழ்நாட்டில் அடுக்ககப் பொது மீட்டருக்குத் தனிக் கட்டண விகிதம். வீடுகளுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் அதற்குக் கிடையாது. மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் முழுப் பணமாகவே மிச்சமாகும்.

அதே பல்ப் ஒரு வீட்டின் குளியலறையில் இருக்கிறது. வீட்டில் எல்லாரும் வெளியே வரும்போது சுவிட்சைத் தட்டிவிட்டு வரும் பழக்கம் உள்ளவர்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் எரிகிறது, 9 வாட்-மணி. இங்கே சென்சாரைப் பொருத்தினால் செலவு 21 வாட்-மணியாகிறது. இரண்டு மடங்குக்கும் மேல்! தொகை சிறிதுதான். ஆனால் மின்சாரத்தை மிச்சப்படுத்தவென்று வாங்கிய கருவி மின்சாரத்தைக் கூட்டுகிறது என்பது சிறிய விஷயமில்லை. 60 வாட் குண்டு பல்ப் இருந்த காலத்தில் இப்படி நடக்க வாய்ப்பு குறைவு. அப்போது ஆளில்லாமல் ஒரு மணி நேரம் எரிந்தாலே 60 வாட்-மணி வீண். சென்சாரின் சொந்தச் செலவு அதற்குள் அடங்கிவிடும். 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மட்டும் நாடு முழுவதும் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி பல்புகள் வீடுகளுக்குப் போயிருக்கின்றன. விளக்கு இவ்வளவு சிக்கனமாகிவிட்ட பிறகு சென்சார் மிச்சப்படுத்த மீதி இருப்பது கொஞ்சம்தான்.

இன்னொரு பக்கம், சென்சாருக்கு வாழ்வு தந்ததும் எல்இடிதான். சிஎஃப்எல் விளக்கை அடிக்கடி போட்டு அணைத்தால் ஒவ்வொரு முறையும் மின்முனையின் பூச்சு கொஞ்சம் கரையும், ஆயுள் குறையும். முழு வெளிச்சம் வருவதற்குள் ஆள் படியேறிப் போய்விடுவார். எல்இடிக்கு இரண்டு தொல்லையும் இல்லை.

ஆக, சென்சாரால் மிச்சப்படுத்த முடிவது ஆளில்லாமல் விளக்கு எரியும் நேரத்தை மட்டுமே. அந்த நேரம் எங்கே நீளமாக இருக்கிறது என்று தேடிப் பார்த்தால், எவருக்கும் சொந்தமில்லாத சுவிட்சுகளிடம் போய்ச் சேர்வோம். அடுக்ககப் படிக்கட்டு, விடுதிக் கழிப்பறை, மருத்துவமனைச் சாமான் அறை, பள்ளி வராந்தா. தன் வீட்டு விளக்கை மறக்காமல் அணைப்பவர்கூட இங்கே அணைப்பதில்லை. அடுத்தவருக்கு வேண்டியிருக்குமோ என்ற தயக்கமும் அதற்குக் காரணம். வெறும் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் 60 கட்டடங்களின் அறைகளைக் கண்காணித்து 2000ஆம் ஆண்டையொட்டி வெளியான லைட்டிங் ரிசர்ச் சென்டர் ஆய்வு இதை எண்ணில் காட்டியது. கழிப்பறைகளில் ஆள் போன 20 நிமிடம் கழித்து விளக்கை அணைத்தால் 47 சதவீதமும், 5 நிமிடத்தில் அணைத்தால் 60 சதவீதமும் மிச்சமாகும் என்று அது கணித்தது. தனியாள் அலுவலக அறைகளில் மிச்சம் இதைவிடக் குறைவு. அதற்கு முந்தைய, பிந்தைய ஆய்வுகள் பலவற்றையும் ஒன்றாகத் தொகுத்து, லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தார் 2012இல் சராசரி கண்டபோது, வணிகக் கட்டடங்களில் இவ்வகைக் கட்டுப்பாட்டால் விளக்கு மின்சாரத்தில் கிடைத்தது 24 சதவீதம். பெட்டியின்மேல் '90% மிச்சம்' என்று அச்சிட்டிருந்தால் அது மாடிப்படிக் கணக்கு, அலுவலகத்துக்குப் பொருந்தாது.

அந்த 20 நிமிடமும் 5 நிமிடமும் சென்சாரில் நாமே வைக்கக்கூடியவை. சென்னை ரிச்சி தெருவில் மாணவர்கள் வாங்கிப்போகும் எச்.சி-எஸ்ஆர்501 மாட்யூலின் பலகையில்கூட, ஸ்க்ரூ டிரைவரால் திருப்பும் இரண்டு ஆரஞ்சு நிறக் குமிழ்கள் இருக்கும். ஒன்று எவ்வளவு தூரம் என்பதற்கு, மற்றது எவ்வளவு நேரம் என்பதற்கு. நேரத்தை மிகக் குறைத்தால் உள்ளே இருப்பவர் இருட்டில் தவிப்பார். அடுத்த நாள் அவரே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சென்சாரைத் தாண்டி நேர் இணைப்பு கொடுக்கச் சொல்வார். அதன்பின் மிச்சம் பூஜ்யம். மாடிப்படிக்கு ஒரு நிமிடம், கழிப்பறைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் நியாயமான அளவு. முதியவர்கள் உள்ள குடியிருப்பில் இன்னும் தாராளமாக வைக்கலாம். படியில் ஒருவர் இருட்டில் தடுக்கி விழுந்தால் பத்தாண்டு மின்கட்டணத்தில் மிச்சம் பிடித்த பணமும் அதற்கு ஈடாகாது. இந்தியாவின் கட்டட எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு, பெரிய கட்டடங்களில் சில வகை இடங்களுக்கு இந்தச் சென்சார்களைக் கட்டாயமாக்கியது. பெரிய விடுதிகளின் நடைபாதைகளில் ஒரு பங்கு விளக்குகளைச் சென்சாருக்கு வெளியே விட்டுவைக்கவும் அது இடமளித்தது. முழு இருட்டு எங்கும் விழக்கூடாது என்பதை இரண்டு மாடிக் குடியிருப்பும் பின்பற்றலாம்: படிக்கட்டில் ஓர் அரை வாட் விளக்கு விடிய விடிய எரியட்டும், மற்றவை ஆளுக்கு ஏற்ப எரியட்டும்.

தானாக எரிய வைப்பதைவிடத் தானாக அணைய வைப்பதில்தான் மிச்சம் அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். சுவிட்சை ஆள் தட்டட்டும், அணைப்பதை மட்டும் சென்சார் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு வகை உண்டு. ஜன்னல் வெளிச்சம் போதும் என்று நினைப்பவர் சுவிட்சைத் தட்டவே மாட்டார். வகுப்பறைக்கும் அலுவலக அறைக்கும் இது மிகப் பொருத்தம். நம் கடைகளில் கேட்டால் கிடைப்பது அரிதாக இருப்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

அசையாதவரைக் காணும் கண்ணும் இப்போது வந்துவிட்டது. 24 கிகாஹெர்ட்ஸ், 60 கிகாஹெர்ட்ஸ் ரேடார்களில் அலைநீளம் மிகச் சிறியது. 60இல் வெறும் 5 மில்லிமீட்டர். மூச்சு விடும்போது நெஞ்சுக்கூடு எழும்பித் தாழ்வதும் சில மில்லிமீட்டர். எதிரொலியில் அந்த ஏற்ற இறக்கமே தெரிந்துவிடுகிறது. தூங்குபவரும் படித்துக்கொண்டிருப்பவரும் இனி இல்லாதவர்களாக மாட்டார்கள். விலை கொடுப்பது மின்சாரத்தில். பரவலாகக் கிடைக்கும் ஒரு 24 கிகாஹெர்ட்ஸ் மாட்யூல் 5 வோல்ட்டில் ஏறத்தாழ 80 மில்லிஆம்பியர் எடுக்கிறது, அதாவது 0.4 வாட். பிஐஆர் மாட்யூலுக்கு வேண்டியது சுமார் 50 மைக்ரோஆம்பியர், ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே இரண்டையும் சேர்த்து வைக்கிறார்கள். காலி அறையில் பிஐஆர் மட்டும் விழித்திருக்கும். ஆள் நுழைந்ததும் அது ரேடாரை எழுப்பும். கடைசி மூச்சசைவும் அறையை விட்டுப் போன பிறகு ரேடார் விளக்கை அணைத்துத் தானும் அணைந்துகொள்ளும். நூலகத்துக்கும் தேர்வு எழுதும் அறைக்கும் நான் இந்தக் கூட்டு ஏற்பாட்டைத்தான் சொல்வேன். மாடிப்படிக்கு அது வேண்டாம். அங்கே யாரும் அசையாமல் நிற்பதில்லை.